பரமேஸ்வரி என்ற பெயரில் எத்தனை எழுத்து? உலாவிகளின் புதிய வசதிகள் குறித்து

அண்மை ஆண்டுகளில் இணைய உலாவிகளில் வந்த புதிய வசதிகளுள் சாதாரணப் பயனருக்கும் நிரல் எழுதுபவருக்கும் மெய்யாகவே பயன்பட்டவை எவை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ரங்கூனில் வலைத்தளங்கள் உருவாக்கித் தரும் தொழில் செய்கிறேன். பிழைப்புக்குப் பர்மிய மொழித் தளங்கள். மிஞ்சிய நேரத்தில் எங்கள் பகுதிக் கோயிலுக்கும் அங்கே நடக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் தமிழ்ப் பக்கங்கள். இந்த இரண்டு மொழிகளின் எழுத்துகளோடு அன்றாடம் மல்லுக்கட்டுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: விளம்பரங்களில் முன்னே நிற்கும் எந்த வசதியையும்விட, நம் எழுத்தை எழுத்தாக எண்ண உலாவி கற்றுக்கொண்டதே எனக்குக் கிடைத்த பெரிய வரவு.

சில ஆண்டுகளுக்கு முன் கோயிலின் அன்னதான நன்கொடைக்கு உலாவியிலேயே ரசீது அச்சிடும் ஒரு சிறு பக்கத்தை எழுதிக் கொடுத்தேன். ரசீதுத் தாள் அகலம் குறைந்தது என்பதால், பெயர் 15 எழுத்தைத் தாண்டினால் வெட்டிவிடும்படி நிரலில் ஒரு வரி வைத்திருந்தேன். ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் ரசீதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எம் பேரு இல்லீங்களே" என்றார். வாங்கிப் பார்த்தேன். "அ. கா. பரமேஸ்வரி" என்று இருக்க வேண்டிய இடத்தில் "அ. கா. பரமேஸ்வர" என்று இருந்தது. புள்ளிகளையும் இடைவெளிகளையும் சேர்த்துக் கண்ணால் எண்ணினால் 12 இடத்துக்குள் அடங்கிவிடுகிற பெயர் அது. உலாவியில் ஓடும் நிரல்களின் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டின் கணக்கிலோ அது 16. பரமேஸ்வரி என்ற ஆறெழுத்துச் சொல்லை அது ப, ர, ம, ஏகாரக் குறி, ஸ, புள்ளி, வ, ர, இகரக் குறி என்று ஒன்பதாக எண்ணுகிறது. பதினாறாவதாக நின்ற அந்த இகரக் குறியைத்தான் என் நிரல் கழித்துவிட்டிருந்தது. தெய்வத்துக்குக் கொடுத்த காசுக்கான ரசீதில் கொடுத்தவரின் பெயரே பிழையாக இருந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

இதற்குச் சரியான மருந்தாக வந்தது இன்டில் செக்மென்டர் என்ற வசதி. ஒரு சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, அதனிடம் கொடுத்தால், படிப்பவர் ஒரே எழுத்தாகக் காணும் அலகுகளாகப் பிரித்துத் தரும். தமிழ் என்ற சொல்லை ஐந்து குறியெண்களாகப் பார்க்காமல் த, மி, ழ் என்று மூன்றாகவே தரும். குரோமில் 2020 நவம்பரிலும் (பதிப்பு 87) சஃபாரியில் 2021 ஏப்ரலிலும் இது வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலில் வெளியான 125ஆம் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஸ்ரீ, க்ஷ போன்ற கூட்டெழுத்துகள் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுத் தரமான ஒருங்குறியின் (யூனிகோடு) விதிப்படி தமிழுக்கு அவை இரண்டு அலகுகளாகவே பிரியும். கோயில் பெயர்களில் ஸ்ரீ இல்லாத பெயர் ஏது? ஆகவே அதற்கு மட்டும் நான் தனியாக ஒரு விதி எழுதி வைத்திருக்கிறேன். படிவங்களில் நாம் வழக்கமாக வைக்கும் மேக்ஸ்லெங்த் என்ற வரம்பு இன்றைக்கும் பழைய முறையில்தான் எண்ணுகிறது. தமிழ்ப் பெயர் வாங்கும் பெட்டிகளில் அதை வைக்காதீர்கள். திரையில் இடம் போதாமல் பெயரைச் சுருக்கிக் காட்டுவதுதான் நோக்கம் என்றால், சரத்தை வெட்டாமல், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸின் டெக்ஸ்ட் ஓவர்ஃப்ளோவிடம் எலிப்சிஸ் என்ற மதிப்பைக் கொடுத்து விட்டுவிடுங்கள். அது எழுத்தின் நடுவே கத்தி வைக்காது.

பர்மிய மொழிக்கு இதே வசதி வேறு விதத்தில் கைகொடுக்கிறது. பர்மியத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை. தொடர்களுக்கு இடையில்தான் விடுவார்கள். அதனால் வரியை எங்கே மடிப்பது, தேடலில் எதை ஒரு சொல்லாகக் கொள்வது என்பதெல்லாம் இயந்திரத்துக்குத் தானாகத் தெரியாது. முன்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சுழிய அகல இடைவெளிகளைச் சொற்களுக்கு நடுவே நாங்களே நுழைத்துக்கொண்டிருந்தோம். பின்னர் அவை தேடலைக் கெடுக்கும், நகலெடுத்து ஒட்டினால் கூடவே வந்து தொல்லை தரும். செக்மென்டரைச் சொல் அளவில் பிரிக்கச் சொன்னால் அந்த வேலையை இப்போது உலாவியே பார்த்துக்கொள்கிறது. ஆனால் உரை ஒருங்குறியில் இருக்க வேண்டும். இந்த நாட்டில் ஜாஜி என்ற எழுத்துரு, ஒருங்குறிக்கு உரிய இடங்களையே தன் போக்கில் பயன்படுத்திக்கொண்டு பல ஆண்டுகள் கோலோச்சியது. 2019 அக்டோபர் 1 அன்றுதான் அரசு முறையாக ஒருங்குறிக்கு மாறியது. ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துக் குறியீடுகளான பாமினியும் டிஸ்கியும் புழங்கிய காலத்தில் ஒருவர் அனுப்பியது இன்னொருவர் திரையில் கிறுக்கலாகத் தெரிந்ததை அனுபவித்த தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய ஜாஜி உரையை மாற்றாமல் செக்மென்டரிடம் கொடுத்தால் பயனில்லை.

அகரவரிசையையும் சொல்ல வேண்டும். தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைச் சாதாரணமாக வரிசைப்படுத்தினால் வனிதா முன்னே வந்து வள்ளி பின்னே போய்விடுவாள்; ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்துக்குப் பக்கத்தில், ளகரத்துக்கு வெகு முன்னால் அமர்ந்திருப்பதே காரணம். ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று பாடம் ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு முன்னால் இப்படி ஒரு பட்டியலை வைக்கலாமா? மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் இன்டில் கொலேட்டர் என்ற வசதியைத் தமிழ் மொழிக் குறியோடு அழைத்தால் நெடுங்கணக்கு வரிசையே வரும். இது பழைய வசதிதான் என்றாலும், தமிழ்த் தளங்களில் இதைப் பயன்படுத்துவோர் இன்னும் அரிதாகவே என் கண்ணில் படுகிறார்கள்.

பயனர் பக்கத்தில் நான் முதலில் வைப்பது ஃபயர்ஃபாக்ஸ் 118இல், 2023 செப்டம்பரில், வந்த உள்ளமை மொழிபெயர்ப்பு. பக்கத்தின் உரை எந்த வழங்கிக்கும் போவதில்லை. மொழி மாதிரியை ஒருமுறை இறக்கிக்கொண்டால் மொழிபெயர்ப்பு முழுவதும் நம் கணினியிலேயே நடக்கிறது. இணைப்பு விட்டுவிட்டு வரும் ஊரில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். தொடக்கப் பட்டியலில் ஐரோப்பிய மொழிகள் மட்டுமே இருந்தன, தமிழோ பர்மியமோ இல்லை என்பது குறைதான். ஆனாலும் வாசகர் படிப்பது வெளியே போகாமல் மொழிபெயர்க்க முடியும் என்று காட்டியது மிகப் பெரிய காரியம். தளங்கள் நம்மை அடையாளம் காண உலாவியில் வைக்கும் சிறு குறிப்புகளான குக்கிகளைத் தளத்துக்குத் தளம் தனித்தனிப் பெட்டியில் அடைக்கும் காப்பையும் அதே உலாவி 2022 ஜூனில் கணினிப் பயனர் எல்லாருக்கும் இயல்பாக்கியது. குரோம் 2022 டிசம்பரில் கொண்டுவந்த நினைவகச் சேமிப்பு, கிடப்பில் இருக்கும் தாவல்களை நினைவகத்திலிருந்து இறக்கிவைப்பதால் 4 ஜிபி கணினிகள் மூச்சு விடுகின்றன. தாவல் குழுக்கள் குரோமில் 2020இலும் ஃபயர்ஃபாக்ஸில் 2025 ஏப்ரலிலும் வந்தன, வசதியானவை, அவ்வளவே.

நிரலாளர்கள் கொண்டாடும் சிஎஸ்எஸ் வசதிகளான ஹேஸ் தேர்வி (உள்ளே இருப்பதைப் பார்த்து வெளிக்கூறைத் தேர்வது), கொள்கலன் வினவல் (தன்னைச் சுற்றியுள்ள பெட்டியின் அளவுக்கேற்பத் தோற்றத்தை மாற்றுவது) இரண்டும் உண்மையிலேயே என் நிரலைப் பாதியாகக் குறைத்தன. ஆனால் ஒரு வசதியைக் கையில் எடுக்கும் முன் எந்த வசதி எந்த அளவுக்கு உலாவிகளில் பரவியிருக்கிறது என்று சொல்லும் பேஸ்லைன் என்ற வகைப்பாட்டில் அதன் நிலையைப் பார்த்துவிடுங்கள். முக்கிய உலாவிகள் அனைத்திலும் வந்துவிட்டதைப் புதிதாகக் கிடைப்பது என்றும், அதன்பின் 30 மாதம் கடந்ததைப் பரவலாகக் கிடைப்பது என்றும் அது வகைப்படுத்துகிறது.

அதைப் பார்த்த பிறகும் உங்கள் பயனரின் மேசையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். எங்கள் கோயில் அலுவலகத்தில் இருப்பது விண்டோஸ் 7 கணினி. அதில் குரோம் 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸுக்கு 115தான் கடைசி எல்லை. அலுவலகத்தில் ரசீது போடும் பெரியவருக்குப் பழகியது ஃபயர்ஃபாக்ஸ். அந்தப் பதிப்பில் ஹேஸ் தேர்வியும் இல்லை, செக்மென்டரும் இல்லை. ஆகவே ரசீதுப் பக்கம் முதலில் செக்மென்டர் இருக்கிறதா என்று கேட்கும். இல்லையென்றால், உயிர்க்குறியையும் புள்ளியையும் அதற்கு முந்தைய எழுத்தோடு ஒட்டவைத்து எண்ணும் மூன்று வரி நிரலுக்குப் போகும். இப்போது அந்த அம்மாவின் பெயர் இரண்டு வழியிலும் முழுமையாக அச்சாகிறது. அந்தக் கணினி மேசையில் இருக்கும் வரை அந்த மூன்று வரிகளை நான் நீக்கப்போவதில்லை.