ஜப்பானியக் கட்டைவிரல் ஆட்டம்: எண் பொருந்தினால் எத்தனை கையை எடுப்பது?

எல்லோரும் இரு முஷ்டிகளையும் நீட்டி, விரும்பிய கட்டைவிரல்களை ஒரே நேரத்தில் தூக்க, ஒருவர் ஓர் எண் சொல்லும் ஆட்டம் இது. தூக்கிய விரல்களின் மொத்தம் அந்த எண்ணோடு பொருந்தினால், சொன்னவர் தன் ஒரு கையைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு கைகளையும் முதலில் எடுத்து முடித்தவரே வென்றவர்.

நான்கு பேர் ஆடினால் எண் பொருந்துவதே இல்லை என்கிறீர்கள். எண் சொல்பவரின் கட்டைவிரல்களை எண்ணாமல் விடுகிறீர்கள் போலிருக்கிறது. அவையும் சேரும். அப்போது 0 முதல் 8 வரை சொல்லலாம்; ஒரு கை விலகியதும் உச்சம் 7.

முதலில் இருவராக ஆடிப் பாருங்கள். முஷ்டியை மடக்கி, நீங்கள் இரண்டு விரலையும் தூக்குவதாக இருந்தால் 0, 1 சொல்வது வீண். 3 சொல்லுங்கள், எதிராளி ஒரு விரல் தூக்கினாலே போதும். அப்புறம், குரலும் விரலும் ஒன்றாக வரவேண்டும். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள், ஆட்டத்தின் உயிரே அதுதான்.

ஜப்பானில் எண்ணுக்கு முன் கூவும் சொல் ஊருக்கு ஊர் மாறும்: ‘இஸ்ஸே நோ செ’, ‘யுபிசுமா’ என்று பல உண்டு. எதைக் கூவுவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.