வாசம் வந்தால் போதுமா? வேர் டீ போடும் முன்

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் இருக்கிறது. களை வெட்டும்போது நல்ல வாசமுள்ள வேர் அடிக்கடி கிடைக்கிறது. அமெரிக்காவில் சஸாஃப்ராஸ் என்ற மரத்தின் வேரில் டீ போடுவதை வீடியோவில் பார்த்தேன். இந்த வேரையும் தோட்டத்து மரங்களின் வேரையும் அதுபோல் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? – சேலம் வாசகர்

பதில்: மர வேர்களை விட்டுவிடுங்கள். சஸாஃப்ராஸ் வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்து மரம், நம் சேர்வராயன் மலையில் கிடையாது. அதன் வேரில் இருக்கும் சாஃப்ரோல் என்ற ரசாயனம் எலிகளின் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கியது தெரிந்ததும், அதை உணவில் சேர்க்க அந்த நாட்டிலேயே 1960-இல் தடை போட்டுவிட்டார்கள். வீடியோவில் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்களுக்குக் கிடைப்பது அநேகமாக நன்னாரி. அது மரமல்ல, மெலிந்த கொடி. இலைகள் எதிரெதிராக இருக்கும். பல இலைகளில் நடுநரம்பை ஒட்டி வெள்ளிக்கோடு ஓடும். கிள்ளினால் பால் வரும். ஆனால் பாலை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள், பால்வள்ளியிலும் அரளியிலும் பால் வரத்தான் செய்யும். வேரைப் பாருங்கள்: பென்சிலைவிட மெலிசு, கரும்பழுப்புத் தோல், அதில் குறுக்கே வெடிப்புகள். நகத்தால் சுரண்டினால் தோல் கழன்று உள்ளே மஞ்சள் கலந்த கட்டை நரம்பு தெரியும், வனிலா போன்ற வாசம் குப்பென்று வரும்.

கொடியும் இலையும் இல்லாமல் வேர் மட்டும் கையில் கிடைத்தால் வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் வேலியோரம் செங்காந்தளும் படர்ந்திருக்கும். அதன் கிழங்கு உயிரையே எடுக்கும். அரளி வேரும் இதயத்தைத் தாக்கும். கொதிக்க வைத்தால் விஷம் போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள், இந்த இரண்டிலும் போகாது. சந்தேகம் இருந்தால் கொடியோடு பிடுங்கி, அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் காட்டுங்கள்.

நன்னாரிதான் என்று உறுதியானால் மண் போகக் கழுவி, தோலை உரித்து, நிழலில் உலர்த்துங்கள். நடுநரம்பை எறிந்துவிடலாம், வாசமெல்லாம் தோலில்தான். இடித்த தோல் ஒரு டீஸ்பூன் போட்டு, ஒரு டம்ளர் கொதிநீர் ஊற்றி, பத்து நிமிடம் மூடி வையுங்கள். கஷாயம் மாதிரி சுண்டக் காய்ச்சினால் அந்த வாசம் ஆவியோடு போய்விடும். அப்புறம் வெறும் மண்வாடைத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும்! கொஞ்சம் பனங்கற்கண்டு சேர்த்தால் நன்றாக இருக்கும். பால் எனக்குப் பிடிப்பதில்லை.

கர்ப்பிணிகளும், சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

இன்னொன்று, தோட்டத்து எல்லைக்குள் மட்டும் எடுங்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். மாகாளிக்கிழங்கும் இதே வாசம்தான். ஆனால் அதைத் தோண்டித் தோண்டியே காட்டில் அருகிப்போகச் செய்துவிட்டோம், அதைத் தொடாதீர்கள். நன்னாரியிலும் பாதி வேரை வெட்டிக்கொண்டு மீதியை மண் மூடி விடுங்கள், மழை விழுந்ததும் தளிர்த்துவிடும்.