பழைய மிலிட்டரி லாரியின் பூர்வீகம் தேடுவது எப்படி? நீலகிரி நண்பர்களுக்குப் பதில்கள்

ஷெட்டிலும் மரத்தடியிலும் நிற்கும் பழைய ராணுவ வண்டிகளைப் பற்றி மலைமேல் உள்ள நண்பர்கள் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். இந்த வண்டிகளோடும் அவற்றின் படங்களோடும் பல வருடப் பழக்கம் உண்டு என்பதால் பதில் சொல்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து: எங்கள் எஸ்டேட்டில் ஒரு பழைய லாரி நிற்கிறது. குந்தா அணை வேலைக்காகக் கனடாக்காரர்கள் கொண்டுவந்தது என்று அப்பா சொல்வார். முன்கண்ணாடி மேலே முன்னால் துருத்தி, கீழே உள்வாங்கி இருக்கிறது. தகட்டில் ஃபோர்டு, கனடா என்ற இரண்டு சொற்கள்தான் தெரிகின்றன. குந்தா காலத்துப் படங்கள் எங்கே கிடைக்கும் ஐயா?

லாரி கனடாவில் செய்ததுதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அது குந்தாவைவிட மூத்தது. குந்தா நீர்மின் திட்ட வேலை, காமன்வெல்த் நாடுகளின் உதவித் திட்டமான கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு 1956இல் தொடங்கியது. நீங்கள் சொல்லும் கண்ணாடி அமைப்புள்ள லாரிகளின் உற்பத்தி 1945இல், போர் முடிந்ததோடு நின்றுவிட்டது. கண்ணாடியைச் சாய்த்து வைத்ததற்குக் காரணம் உண்டு. நேராக இருந்தால் வெயில் பட்டு மின்னும், மேலே பறக்கும் விமானத்துக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்த வகைக்குக் கனடியன் மிலிட்டரி பேட்டர்ன், சுருக்கமாக சி.எம்.பி., என்று பெயர். பிரிட்டிஷ் ராணுவம் கேட்ட அளவுகளில் ஃபோர்டு வின்ட்சரிலும், ஜெனரல் மோட்டார்ஸ் ஓஷாவாவிலும் செய்தார்கள். மொத்தம் 4 லட்சத்துக்கும் மேல். போருக்காக இந்தியா வந்தவற்றில் பல, போருக்குப் பிறகு டிஸ்போசலில், அதாவது ராணுவம் கழித்த சாமான் விற்பனையில், ஏலம் போயின. உங்கள் லாரியும் அப்படி வெளியே வந்து, பத்து வருடம் கழித்துக் குந்தாவுக்குச் சாமான் ஏற்றியிருக்கலாம். அப்பா சொன்னதில் அந்தப் பாதி உண்மையாக இருக்க இடம் உண்டு.

இனி தேடலை இப்படித் தொடங்குங்கள். மாடல் பெயரின் முதல் எழுத்து எஃப் என்றால் ஃபோர்டு, சி என்றால் ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே. அடுத்து வரும் 8, 15, 30, 60 ஆகியவை ஹண்ட்ரட்வெயிட்டில் (ஒன்று சுமார் 50 கிலோ) சுமை. 60 என்பது 3 டன். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். 101 அங்குலம் வந்தால் 8 அல்லது 15 வகை. 134 வந்தால் 30 வகை அல்லது 60இல் குட்டை, 158 வந்தால் 60இல் நீளம். அப்புறம் சேசிஸ் சட்டத்தில் குத்தியிருக்கும் எண்ணை மண்ணெண்ணெய் துணியால் மெதுவாகத் துடைத்து எழுதிக்கொள்ளுங்கள். கிரைண்டர் வேண்டாம், எண்ணே போய்விடும். எஞ்சின் எண்ணை நம்ப வேண்டாம். நம் ஊரில் இந்தப் பெட்ரோல் எஞ்சின்களைக் கழற்றிவிட்டுப் பெர்க்கின்ஸ் பி6 டீசல் ஏற்றுவது சர்வசாதாரணமாக இருந்தது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் எஸ்டேட்டின் பழைய கணக்குப் புத்தகம். 1946க்குப் பிறகு லாரி வாங்கிய வரவு செலவு, டயர் பில், இன்சூரன்ஸ் ரசீது ஏதாவது ஒன்று அகப்பட்டால், எந்த வருடம், யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். எந்த வெளிநாட்டு ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காத தகவல் அது. கரையான் அரிப்பதற்குள் முதலில் அதைத் தேடுங்கள்.

அருவங்காட்டிலிருந்து: தாத்தா 1944இல் ஒரு லாரி அருகே நிற்கும் படம் இருக்கிறது. அவர் ராணுவத்தில் டிரைவர். லாரி எது, இன்னும் படங்கள் கிடைக்குமா?

லாரியைத் தேடினால் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள். தாத்தா இருந்த கம்பெனியைத் தேடுங்கள். போர்க்காலப் படம் எடுத்தவர்கள் வண்டியின் மாடலை எழுதி வைக்கவில்லை. எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர், என்ன நாள் என்றுதான் எழுதினார்கள். நானும் அந்த வழியில்தான் படங்களைக் கண்டுபிடிக்கிறேன்.

டிரைவர் என்றால் பெரும்பாலும் ராணுவத்தின் சப்ளை, போக்குவரத்துப் பிரிவான ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். 1950க்குப் பிறகு அதுவே ஆர்மி சர்வீஸ் கோர், சுருக்கமாக ஏ.எஸ்.சி. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவருடைய நம்பரும் கம்பெனி எண்ணும் இருக்கும். புத்தகம் இல்லையென்றால் நம்பரோடு பெங்களூரில் உள்ள ஏ.எஸ்.சி. ரெக்கார்ட்ஸ் (தெற்கு) அலுவலகத்துக்கு, பேரன் என்பதற்கான சான்று வைத்து எழுதுங்கள். கம்பெனி எண் தெரிந்துவிட்டால் அதன் போர் நாட்குறிப்பைத் தேடலாம். தென்கிழக்காசியப் படைகளின் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன. எந்த மாதம் இம்பாலில், எந்த மாதம் திமாப்பூரில் என்று அதிலிருந்து தெரியும். அந்த ஊரையும் மாதத்தையும் வைத்து லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் படத் தொகுப்பில் தேடுங்கள். ஐ.என்.டி., எஸ்.இ. என்று தொடங்கும் எண்ணுள்ள படங்கள் நமக்கு வேண்டியவை.

கையில் இருக்கும் படத்தையும் நன்றாகப் படியுங்கள். மூக்கு சப்பையாக, டிரைவர் எஞ்சினை ஒட்டி உட்கார்ந்தால் சி.எம்.பி.யாக இருக்கலாம். அகலத் தட்டை பானெட் என்றால் பெட்ஃபோர்டு ஓ.ஒய். என்ற பிரிட்டிஷ் லாரியின் பக்கம் போங்கள். பானெட் பக்கவாட்டில் எண் தெரிந்தால் அதன் முன்னெழுத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் முறையில் எல் என்றால் லாரி, இசட் என்றால் சிறு டிரக், ஏ என்றால் ஆம்புலன்ஸ். படத்தின் பின்பக்கத்தையும் விடாதீர்கள். ஸ்டூடியோ முத்திரை ஒன்று இருந்தால் ஊரே தெரிந்துவிடும்.

ஊட்டியிலிருந்து: எவ்வளவு தேடினாலும் அதே ஜீப் படங்கள்தான் வருகின்றன, அண்ணா.

தேடும் சொற்களை மாற்றுங்கள். அமெரிக்க ஆவணங்களில் "டிரக், இரண்டரை டன், 6x6" என்ற பாணியில்தான் பெயர் இருக்கும். பிரிட்டிஷ் குறிப்புகளில் லாரி, கன் டிராக்டர் (பீரங்கி இழுக்கும் வண்டி), 15 ஹண்ட்ரட்வெயிட் என்று இருக்கும். உதகமண்டலத்தின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலையும், நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் எழுதிய விதவிதமான எழுத்துக்கூட்டல்களையும் போட்டுப் பாருங்கள். அமெரிக்க வண்டி என்றால் 1943இல் வந்த டி.எம். 9-2800 என்ற ராணுவக் கையேட்டை முதலில் பாருங்கள். அன்றைய வண்டிகள் பெரும்பாலும் அதில் படத்தோடும் அளவோடும் இருக்கின்றன. நான் அடையாளம் காண உட்காரும்போது முதலில் திறப்பது அதைத்தான்.

கூடலூரிலிருந்து: மர டிப்போவில் நிற்கும் வண்டியை எல்லோரும் டாட்ஜ் என்கிறார்கள். உலகப் போர் வண்டியா?

நம் மலைகளில் டாட்ஜ் என்று சொல்லப்படுபவற்றில் பல, நிசான் ஒன் டன். ஜபல்பூரில் நம் ராணுவத்துக்காகவே செய்தது. நிசான் அந்த மாடலை அமெரிக்க டாட்ஜைப் பார்த்து வடிவமைத்ததால் முகம் ஒன்றுபோலவே இருக்கும். பழைய எஞ்சின் இன்னும் இருந்தால் பானெட்டைத் திறந்து பாருங்கள். தட்டையான ஹெட்டின் மேல் ஸ்பார்க் பிளக்குகள் வரிசையாக நின்றால் டாட்ஜ். மேலே வால்வுகளை மூடும் டாப்பெட் கவர் இருந்தால் நிசான். அதே 3,956 சி.சி. எஞ்சின்தான் நம் ராணுவ ஜீப் வகையான ஜோங்காவிலும் இருந்தது. நிசான் என்று தெரிந்தால் வருத்தப்பட வேண்டாம். ஜோங்கா, சக்திமான் லாரி, நிசான் மூன்றும் நம் நாட்டு ராணுவத் தொழிற்சாலைகளின் வரலாறு. வெளிநாட்டு வண்டிகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசிகூட இவற்றுக்குக் கிடைப்பதில்லை. இன்று நாம் படம் எடுத்து வைக்காவிட்டால் எல்லாம் காயலான் கடைக்குத்தான் போகும்.

குன்னூரிலிருந்து: ராணுவ நம்பர் பிளேட்டில் உள்ள அம்புக்குறி எதற்கு?

அரசுச் சொத்து என்று காட்டப் பிரிட்டிஷ்காரர்கள் போட்டு வந்த பிராட் ஆரோ குறி அது, அவர்கள் காலத்திலிருந்து தொடர்கிறது. அம்புக்கு அடுத்த இரண்டு இலக்கம் வண்டி ராணுவத்துக்கு வந்த வருடம். பழைய பெயிண்டுக்கு அடியில் அந்த எண் மங்கலாகத் தெரிந்தால், சுரண்டும் முன் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள்.

வெலிங்டனிலிருந்து: ராணுவ வளாகங்களில் நிற்கும் வண்டிகளைப் படம் எடுக்கலாமா?

எழுத்தில் அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். அருவங்காட்டில் வெடிமருந்து செய்யும் கார்டைட் தொழிற்சாலைப் பக்கம் கேமராவே தூக்க வேண்டாம். முறையாகக் கடிதம் கொடுத்துக் கேளுங்கள்.

லவ்டேலிலிருந்து: அப்பாவின் பழைய நெகடிவ்களில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. துடைக்கலாமா?

ஈரத் துணி வைக்கவே கூடாது. பூஞ்சணம் தின்ற இடத்தில் படலம் தண்ணீரில் கரைந்து வந்துவிடும். மழைக்காலம் போய் நல்ல வெயில் அடிக்கும் வாரத்தில் வெளியே எடுத்து, மென்மையான தூரிகையால் மட்டும் தட்டி, உடனே ஸ்கேன் செய்துவிடுங்கள். நெகடிவ் என்றால் 2400 டி.பி.ஐ.க்குக் குறையாமல், அச்சுப் படம் என்றால் 600. பிறகு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு சேர்த்தே எடுங்கள்.

மஞ்சூரிலிருந்து: எங்கள் லாரியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய முடியுமா?

2021இல் வந்த மத்திய விதி, 50 வருடம் தாண்டிய இருசக்கர வண்டிகளுக்கும் பயணிகள் காருக்கும்தான். சரக்கு லாரி அந்த வகைக்குள் வராது. ஜீப்பாக இருந்து, ஆர்.சி. புக்கில் கார் என்று இருந்தால் விண்ணப்பிக்கலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், அதன் பிறகு வரும் மறுபதிவுக்கு 5,000 என்று அந்த விதி வைத்தது. பதிவு 10 வருடம் செல்லும். லாரியைப் பொறுத்தவரை பழைய ஆர்.சி. புக்கைத் தொலைக்காமல் வையுங்கள். எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கும் சென்னை மாகாணக் கால எண் அதில் இருந்தால், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.