வெளிநாட்டுக் கிராமத்துக்குப் போகும் தன்னார்வலர் முதல் சில மாதங்கள் வேலையைத் தொடங்காமல் இருப்பது ஏன்?

இதை ‘ஊரோடு ஒன்றுதல்’ என்பார்கள். ஊர்க்காரர்கள் நம்மை விருந்தாளியாக நடத்துவதை விட்டு, தெரிந்த ஆளாகப் பார்க்கத் தொடங்கும் காலம் அது.

தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்ப 1961இல் அமெரிக்கா தொடங்கிய பீஸ் கோர் திட்டத்தில் சேவைக் காலம் பொதுவாக 27 மாதங்கள். அதில் முதல் மூன்று மாதம் போல மொழியும் பழக்கவழக்கமும் படிக்கவே போய்விடும். மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலுக்குப் போகிறவர்களுக்கு, தங்கும் வீட்டாரே உள்ளூர்ப் பெயர் ஒன்று வைப்பார்கள். எல்லோரும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, வலக்கையால், அவரவர் முன்னால் உள்ள பங்கை மட்டும் சாப்பிடுவார்கள். வழியில் யாரைப் பார்த்தாலும் நின்று நலம் விசாரிக்க வேண்டும். அங்கே பரவலாகப் பேசும் வோலோஃப் மொழியில் ‘நங்கா தெஃப்?’ என்றால் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது. ‘மாங்கி ஃபி’ என்பது பதில். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘இங்கேதான் இருக்கிறேன்’. பிறகு வீட்டில் உள்ளவர்களையும் விசாரிக்க வேண்டும். என்னைக் கேட்டால், அந்த ஐந்து நிமிடம்தான் அன்றைய முக்கியமான வேலை.

காரணம் எளிது. கிணறு, விதை, பிள்ளைகளின் உடம்பு என்று தன்னார்வலர் பேசப்போவதெல்லாம் அந்த மக்களின் வாழ்க்கை. முன்பின் தெரியாதவர் சொல்லை நம்பி யார் விதையை மாற்றுவார்கள்?

நாற்றைப் பிடுங்கி நட்டதும் சில நாள் வாடித்தான் நிற்கும். வேர் ஊன்றிப் பச்சை பிடித்த பிறகே வளரும். இதுவும் அப்படித்தான்.

மொழியைச் சரளமாகப் பேசினால்தான் ஒன்ற முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பும் தவறுமாக நலம் விசாரித்தாலே அந்த ஊர் பேசத் தொடங்கிவிடும்.