ஏட்டில் ஓடும் ஆறு

கேள்வி: வறண்ட நாடுகளில் தண்ணீருக்காக நடக்கும் மோதல்களுக்கு மழைக் குறைவுதானே காரணம்? இயற்கை தராததற்கு மனிதரைக் குறை சொல்வது நியாயமா?

பதில்: மழை பொய்த்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால், இல்லாத தண்ணீரை உண்டென்று எழுதிக் கையொப்பமிட்டவர்களைக் குறை சொல்லாமல் விடவும் முடியாது.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றைப் பாருங்கள். 1922இல் ஏழு மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடி, மேல்படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி), கீழ்ப்படுகைக்கு இன்னொரு 75 லட்சம் என்று ஆற்றைப் பிரித்துக்கொண்டார்கள். அவர்கள் கணக்குக்கு எடுத்துக்கொண்டதோ ஆறு வழக்கத்தை மீறிப் பெருகி ஓடிய ஆண்டுகளை. 1944இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம் ஏக்கர் அடி தருவதாக வேறு ஒப்புக்கொண்டார்கள். காலங்காலமாக அந்தக் கரைகளில் வாழ்ந்த பூர்வகுடிகளை முதல் கூட்டத்துக்கு அழைக்கவே இல்லை. ஏட்டில் இத்தனை நீர் ஓடிக்கொண்டிருக்க, உண்மையான ஆறு கடலை எட்டுவதே அரிதாகிவிட்டது. 2022 கோடையில் அந்த ஆற்றின் மீட் நீர்த்தேக்கம், 1930களில் நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப் பிறகு கண்டிராத அளவுக்கு இறங்கியபோது, பழைய நீர்மட்டம் பாறைகளில் விட்டுச்சென்ற வெள்ளைப் பட்டை பத்து மாடி உயரத்துக்கும் மேலாகத் தெரிந்தது.

நைல் கதையும் இதற்கு நெருங்கியதுதான். 1959 உடன்படிக்கையில் எகிப்து 5,550 கோடி கன மீட்டரும் சூடான் 1,850 கோடி கன மீட்டரும் எடுத்துக்கொண்டன; அந்த நீரின் பெரும்பகுதி புறப்படும் எத்தியோப்பியாவுக்கு அதில் இடமே இல்லை. 2011இல் அது தன் மண்ணில் பேரணை கட்டத் தொடங்கியதும் எழுந்த பூசலுக்கு வானத்தைக் காரணம் காட்ட முடியுமா? குடிப்பதற்கும் உழுவதற்கும் ஏறக்குறைய அந்த ஓர் ஆற்றையே நம்பியிருக்கும் எகிப்தின் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனாலும், தலைமடைக்காரனைக் கேளாமல் போட்ட பங்கு எத்தனை நாள் நிற்கும்?

மழை குறைந்த ஸ்பெயினின் வலென்சியாவில் துரியா ஆற்றின் எட்டு வாய்க்கால் பாசனக்காரர்கள் பல நூற்றாண்டுகளாக வேறு வழியில் போகிறார்கள். வியாழன்தோறும் நண்பகலில், பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில், வாய்க்காலுக்கு ஒருவராக அவர்களே தேர்ந்தெடுத்த எட்டு விவசாயிகள் கறுப்பு மேலங்கி அணிந்து அமர்கிறார்கள். முறை தவறித் தண்ணீர் திருப்பியவர் எதிரே நின்று வாய்மொழியாகவே பதில் சொல்கிறார். அவருடைய வாய்க்காலைச் சேர்ந்த நடுவர் தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. தீர்ப்பும் அங்கேயே சொல்லப்படுகிறது. இதையெல்லாம்விட முக்கியமாக நான் கருதுவது அவர்களுடைய அளவையை. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் உரியது இத்தனை கன அடி என்ற நிலையான அளவு அல்ல, ஆற்றில் அன்றைக்கு வருவதில் இத்தனை பங்கு என்ற விகிதமே. ஆகவே ஆறு மெலிந்தால் எல்லோருடைய பங்கும் சேர்ந்தே மெலிகிறது; கடைமடை மட்டும் காய்வதில்லை.

கொலராடோவின் கீழ்ப்படுகையில், நீர்த்தேக்கம் இறங்கினால் யார் எவ்வளவு குறைத்துக்கொள்வது என்ற தெளிவான விதி 2007இல்தான் வந்தது. உடன்படிக்கை எழுதி 85 ஆண்டுகள் கழித்து, அதுவும் 2026 வரைக்கு மட்டும். அதற்குள், ஏட்டிலிருந்த 75 லட்சத்தை நம்பிப் பாலைவனத்தில் நகரங்கள் வளர்ந்துவிட்டன.