சர்க்கரை நோய் இருந்தால் எத்தனை வயது வரைக்கும் பணம் சேர்ப்பது?

கேள்வி: எனக்கு வயது 48. திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். 40 வயதில் சர்க்கரை நோய் தெரியவந்தது. மாத்திரை மட்டுமே சாப்பிடுகிறேன்; கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 7.4. என் அப்பாவும் சர்க்கரை நோயாளி. 59 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். மனைவிக்கு வயது 43. மகள் கல்லூரியிலும் மகன் பிளஸ் ஒன்னிலும் படிக்கிறார்கள். வீட்டுக் கடனில் 18 லட்சம் பாக்கி. வீட்டுச் செலவு மாதம் 35,000 ரூபாய். ஓய்வுக்காலத்துக்காக மாதம் 15,000 ரூபாய் எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) போட்டு வருகிறேன். "சர்க்கரைக்காரர் எண்பது வயது வரைக்குமா இருக்கப் போகிறீர்கள்? அதை நிறுத்திவிட்டுக் கப்பலூர்ப் பக்கம் ஒரு பிளாட் வாங்கிப் போடுங்கள் மாமா" என்கிறார் மைத்துனர். டேர்ம் இன்ஷூரன்ஸ் (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி) எடுக்கலாம் என்றால், விண்ணப்பத்தில் சர்க்கரையைக் காட்ட வேண்டாம் என்கிறார் முகவர். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் மைத்துனரின் கேள்வியை ஒதுக்கித் தள்ள முடியாது. சர்க்கரை நோய் ஆயுளைக் குறைக்கிறது என்பது உண்மை. 19 வசதியான நாடுகளில் ஏறத்தாழ 15 லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, அமெரிக்க இறப்பு விகிதங்களை வைத்துக் கணக்கிட்டு, 30 வயதில் நோய் கண்டறியப்பட்டவர்கள் சராசரியாக 14 ஆண்டுகளும், 40 வயதில் கண்டறியப்பட்டவர்கள் 10 ஆண்டுகளும், 50 வயதில் கண்டறியப்பட்டவர்கள் 6 ஆண்டுகளும் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது. ஐரோப்பிய விகிதங்களின்படி ஒவ்வொன்றிலும் ஓர் ஆண்டு குறைகிறது. நீங்கள் இரண்டாவது பிரிவில் வருகிறீர்கள். பணத்தைப் பற்றி முடிவெடுக்கப் போகிறவரிடம் இதை மறைப்பது சரியல்ல என்பதால் முதலிலேயே சொல்கிறேன்.

ஆனால் அது சராசரி மட்டுமே. அந்த ஆய்வில் இடம்பெற்றவர்களில் பலர், இன்றைய மருந்துகளும் பரிசோதனைகளும் பரவலாவதற்கு முன்பே சர்க்கரையோடு வாழ்ந்தவர்கள். அமெரிக்காவில் 1988–94 காலத்தில் சர்க்கரை நோயுள்ள ஆயிரம் பேரில் ஆண்டுக்கு 23 பேர் இறந்தார்கள். 2010–15இல் அது 15 ஆகக் குறைந்தது. சுவீடனில் 2.7 லட்சம் இரண்டாம் வகை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சிறுநீரில் புரதம், புகைப்பழக்கம் ஆகிய ஐந்தும் கட்டுக்குள் இருந்தவர்களின் இறப்பு அபாயம், நோயே இல்லாதவர்களைவிட மிகச் சிறிதளவே கூடுதலாக இருந்தது. இதற்கு நேர்மாறானது மெக்சிகோ நகரம். கட்டுப்பாடு மோசமாக இருந்த அந்த ஊரில் 35 முதல் 59 வயது வரையிலான சர்க்கரை நோயாளிகளின் இறப்பு விகிதம், மற்றவர்களைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் இருந்ததாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. நோய் ஒன்றுதான், அதைக் கவனித்த விதத்தில்தான் இவ்வளவு வேறுபாடு. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023இல் கணக்கிட்டது. அத்தனை பேரும் ஒரே சராசரியில் அடங்கிவிட மாட்டார்கள். உங்கள் அப்பாவின் 59 வயதை உங்கள் வயதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

நிதி ஆலோசனை சொல்லும் என் தொழிலைப் பொறுத்தவரை இன்னொரு மாற்றம் முக்கியமானது. அதே அமெரிக்கக் கணக்கில், சர்க்கரை நோயாளிகளின் மரணங்களில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இரத்தக்குழாய் நோய்களின் பங்கு 48 விழுக்காட்டிலிருந்து 34 விழுக்காடாக இறங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் சர்க்கரை நோயாளிகளிடையே புற்றுநோய் முதன்மையான மரணக் காரணமாக முன்னுக்கு வந்துவிட்டது. திடீரென்று போவது குறைகிறது. சிறுநீரகம், கண், கால் புண், புற்றுநோய் என்று நீண்ட நாள் மருத்துவம் பார்த்துக்கொண்டு வாழ வேண்டியவர்கள் கூடுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரால் கடையில் நாள் முழுக்க உட்கார முடியாது. வருமானம் குறையும் காலத்தில்தான் செலவு ஏறும். ஆகவே சீக்கிரம் இறந்துவிடலாம் என்பதற்கு ஒரு ஏற்பாடும், நெடுநாள் வாழ்ந்து செலவழிக்க வேண்டியிருக்கலாம் என்பதற்கு இன்னொரு ஏற்பாடும் உங்களுக்குத் தேவை. முதலாவதற்கு இன்ஷூரன்ஸ், இரண்டாவதற்குச் சேமிப்பு. ஒன்றைக் காட்டி மற்றதை நிறுத்துவது ஆபத்து.

மேலும், உங்கள் ஓய்வுக்காலத் திட்டம் உங்கள் ஆயுளோடு முடிவதில்லை. உங்கள் மனைவிக்கு 43 வயது. அவர் 90 வரை இருப்பார் என்று வைத்தால் 47 ஆண்டுகளுக்குப் பணம் வேண்டும். இன்றைய 35,000 ரூபாய்ச் செலவு, விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், உங்களுக்கு 65 வயதாகும்போது மாதம் சுமார் 94,000 ரூபாய் ஆகிவிடும். கப்பலூர் பிளாட் அந்த மாதச் செலவைத் தராது. அவசரத்துக்கு ஒரு மூலையை மட்டும் வெட்டி விற்கவும் முடியாது. எஸ்ஐபியை நிறுத்தாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் முகவர் சொல்வதைக் கேட்கவே கேட்காதீர்கள். விண்ணப்பத்தில் சர்க்கரை நோய் உண்டா, எப்போதிலிருந்து, என்ன மருந்து என்று தனித்தனியாகக் கேட்டிருப்பார்கள். கீழே கையெழுத்துப் போடுபவர் நீங்கள்தான், முகவர் அல்ல. இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டுகள் கடந்த ஆயுள் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்பதை நம்பித்தான் அவர் அப்படிச் சொல்கிறார். அந்த மூன்று ஆண்டுகளுக்குள் உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால், பழைய மாத்திரைச் சீட்டு ஒன்றே போதும், உங்கள் மனைவியின் கிளெய்மை மறுக்க. மருத்துவக் காப்பீட்டில் அந்தக் கெடு ஐந்து ஆண்டுகள்; அது கழிந்தாலும் மோசடி என்று நிரூபித்தால் பாதுகாப்பு இல்லை. உண்மையை எழுதினால் கூடுதல் பிரீமியம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். ஒரு நிறுவனம் மறுத்தால் அடுத்த விண்ணப்பத்தில் அதையும் குறிப்பிட வேண்டும்.

தொகை ஒரு கோடி ரூபாய், காலம் 65 வயது வரை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் 18 லட்சம், இன்றைய செலவில் பதினைந்து ஆண்டுகளுக்கு 63 லட்சம், மீதி பிள்ளைகளின் படிப்புக்கு என்று வந்த கணக்கு அது. நீங்கள் வியாபாரி என்பதால், 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசியை எடுங்கள். கடைக்குக் கடன் கொடுத்தவர்கள் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே இதைக் கேட்டு எழுத வேண்டும். பிறகு சேர்க்க முடியாது.

மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் இந்த மாதமே எடுங்கள். ஏற்கனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்கான செலவைத் தராத காலம்) 2024 விதிகளின்படி அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். அது ஓடி முடிய வேண்டும். 60 வயதில் சேர்ந்த பணத்தில் 30 லட்சம் வரை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். பென்ஷன் பாலிசி வாங்கினால் உங்கள் ஆயுளுக்கு மட்டும் தருவதை வாங்காதீர்கள். பென்ஷன் தொகையை வயதை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். நோயாளி என்பதற்காகக் கூட்டித் தரும் வழக்கம் இங்கே இல்லை. உங்களுக்குப் பின் மனைவிக்கும் முழுத்தொகை வரும் வகையே உங்களுக்குப் பொருந்தும்.

விண்ணப்பிக்கும் முன் மருத்துவரைப் பார்த்து, அந்த 7.4ஐ 7க்குக் கீழே கொண்டுவருவது உங்களுக்கு ஏற்றதா என்று கேளுங்கள். குறைந்தால் பிரீமியமும் குறைய வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்காக மாதக்கணக்கில் விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாதீர்கள். கடையில் கொத்தனார்களும் கான்ட்ராக்டர்களும் வைத்திருக்கும் பாக்கி, பெரும்பாலும் உங்கள் கையெழுத்தில் ஒரு நீள நோட்டிலும் உங்கள் நினைவிலும்தான் இருக்கும். அதை யாரிடம் எவ்வளவு என்று உங்கள் மனைவி படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதிக் கொடுங்கள். நடப்புக் கணக்கில் அவரை நாமினியாகப் பதிவு செய்யுங்கள்.