லாபம் அவர்களுக்கு, பில் எனக்கு: அந்த ஷேரையே வாங்கிவிடலாமா?

கேள்வி: ஐயா, நான் ஈரோட்டில் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். 2020-21-ல் எனக்கு 17,000, அவருக்கு 22,000 சம்பளம். 2024-25-ல் எனக்கு 19,500, அவருக்கு 25,000. இதே காலத்தில் மளிகை பில் மாதம் 3,500 ரூபாய் கூடிவிட்டது. ஜி.எஸ்.டி. குறைத்தும் பெரிதாக இறங்கவில்லை. ஆனால் சோப்பு, டீ, ஹார்லிக்ஸ் விற்கிற கம்பெனிகளின் லாபம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறதாமே? என் தம்பி, "நம்மகிட்ட புடுங்குறவன் ஷேரையே வாங்கிடுக்கா, அவன் லாபத்துல நமக்கும் பங்கு வந்துடும்ல" என்கிறான். கையில் 2 லட்சம் டெபாசிட் இருக்கிறது, அடுத்த மாதம் முதிர்கிறது. வீட்டுச் செலவு மாதம் 38,000. முழுவதையும் ஷேரில் போடலாமா?

பதில்: உங்கள் தம்பியின் கோபம் நியாயமானது. யோசனையில்தான் கணக்கு இடிக்கிறது. போட்டுப் பார்த்துவிடுவோம்.

சோப்பு, டீ, ஹார்லிக்ஸ் மூன்றுக்கும் பொதுவான கம்பெனி இந்துஸ்தான் யூனிலீவர். அதையே எடுத்துக்கொள்கிறேன். 2024 கடைசியில் அதன் பங்கு ஒன்று சுமார் 2,330 ரூபாய். 2 லட்சத்துக்கு 85 பங்கு கிடைத்திருக்கும். 2023-24-க்கு அவர்கள் கொடுத்த டிவிடெண்ட் (லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் தொகை), பங்குக்கு 42 ரூபாய். ஆக வருடத்துக்கு 3,570 ரூபாய். மளிகை பில்லில் உங்களுக்கு ஏறியதோ மாதம் 3,500. வருடம் முழுக்கக் காத்திருந்து ஒரு மாத ஏற்றத்தை மீட்கலாம், அவ்வளவுதான். அந்தக் கம்பெனியின் பங்குகளில் 100-க்கு 62 லண்டனில் இருக்கும் தாய் நிறுவனத்தின் கையில். மிச்சத்தைத்தான் மற்ற எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

"டிவிடெண்டை விடுக்கா, ஷேர் விலை ஏறுமே" என்பான் தம்பி. 2020 கடைசியில் இதே பங்கு சுமார் 2,400 ரூபாய். நான்கு வருடத்தில் எழுபது ரூபாய் இறக்கம்! இத்தனைக்கும் 2019-20-ல் 6,738 கோடியாக இருந்த நிகர லாபம் 2023-24-ல் 10,114 கோடி. (இடையில் ஹார்லிக்ஸ் இவர்கள் கைக்கு வந்ததும் இதில் சேர்த்தி.) லாபம் பாதிக்குப் பாதி கூடியும் பங்கு ஏன் நகரவில்லை? 2020-லேயே ஒரு பங்குக்கு வரும் ஆண்டு லாபத்தைப் போல ஏறக்குறைய 70 மடங்கு விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். வரப்போகும் லாபத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே விலை வைத்தாகிவிட்டது. நீங்கள் செய்தித்தாளில் லாபச் செய்தி படிக்கும் நேரத்தில் சந்தை அதைச் செரித்து முடித்திருக்கும்.

செல்போன் கம்பெனிகளைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 2024 ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை ஏற்றின. ஜியோவின் 239 ரூபாய் பிளான் 299 ஆனது. 28 நாள் பிளான் என்பதால் வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று ரீசார்ஜ். வீட்டில் இரண்டு போன் என்றால் கூடுதல் செலவு வருடம் 1,560 ரூபாய். சரி, பங்கு? 2020 கடைசியிலிருந்து 2024 கடைசிக்குள் ஏர்டெல் மூன்று மடங்கானது. வோடஃபோன் ஐடியா பத்து ரூபாய்ச் சொச்சத்திலிருந்து எட்டுக்குக் கீழே போனது. இரண்டும் ஒரே வாரத்தில் விலையேற்றியவைதான். தம்பி எதை வாங்கச் சொல்லியிருப்பான்?

லாபம் கொழுத்தால் போட்டியாளர் வருவார், விலை இறங்கும் என்பதுதான் முதலாளித்துவம் நமக்குக் கொடுத்த வாக்கு. சில இடத்தில் அது நடக்கிறது. 2024-ல் பிர்லா ஓபஸ் பெயின்ட் சந்தைக்கு வந்தது. ஏஷியன் பெயின்ட்ஸின் நிகர லாபம் 2023-24-ல் 5,460 கோடி, அடுத்த வருடம் 3,667 கோடி. நகரத்து மந்தமும் ஒரு காரணம், ஆனால் போட்டியின் கை அதில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வெள்ளையடிப்பவருக்கு நல்லது, பங்கு வைத்திருப்பவருக்கு அடி. செல்போனில் நடந்தது நேர் எதிர். ஜியோ வந்த 2016-ல் ஏழெட்டுக் கம்பெனிகளாவது இருந்தன. இலவச டேட்டா வெள்ளத்தில் பலர் மூழ்கிப்போக, மிஞ்சியது பி.எஸ்.என்.எல்.லும் மூன்று தனியாரும். மலிவு விலையே கடைசியில் விலையேற்றத்துக்கு வழி போட்டுக் கொடுத்தது. போட்டி இருந்தால் வாடிக்கையாளராக நீங்கள் ஜெயிப்பீர்கள், இல்லாவிட்டால் பங்குதாரர் ஜெயிப்பார். 85 பங்கை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நிற்க முடியாது.

அரசு கேட்காதா? கேட்டது. 2017-ல் வரி குறைந்தபோது பலனை வாடிக்கையாளருக்குக் கொடுக்கவில்லை என்று இதே யூனிலீவர் மீது 383 கோடி ரூபாய்க்கு உத்தரவு வந்தது. அவர்கள் மறுத்து நீதிமன்றம் போனார்கள். உத்தரவு போட்ட கொள்ளை லாபத் தடுப்பு ஆணையத்தையே 2022-ல் கலைத்தாயிற்று. 2025 ஏப்ரலிலிருந்து அந்தப் பிரிவில் புதுப் புகாரும் கிடையாது. அதே வருடம் செப்டம்பரில் பெரிய ஜி.எஸ்.டி. வரிக்குறைப்பு! இதை என்னவென்று சொல்ல? வரி இறங்கியும் பழைய விலை வாங்கினால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு பில்லோடு புகார் சொல்லலாம், சொல்லுங்கள். பாக்கெட்டில் கிராமுக்கு இவ்வளவு என்று அச்சிட்டிருப்பதையும் பாருங்கள். விலையை விட்டுவிட்டு எடையைக் குறைக்கும் வேலை அங்கேதான் பிடிபடும். ஆனால் பில் முழுவதும் கம்பெனி லாபமல்ல. 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5-க்கு ஏற்றியது மத்திய அரசு.

இப்போது, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது மளிகை பில்லில் அல்ல, சம்பளத்தில். 2020-21-லிருந்து 2024-25 வரை நாட்டின் சில்லறை விலைவாசி சுமார் 24 சதவீதம் ஏறியது. அதே அளவு ஏறியிருந்தால் உங்கள் சம்பளம் 21,080, கணவருடையது 27,280 ஆகியிருக்க வேண்டும். இருவருக்குமாக மாதம் 3,860 ரூபாய் குறைகிறது. வருடத்துக்கு 46,000-க்கு மேல். சோப்பு கம்பெனி உங்களிடம் எடுத்ததைவிட இது பெரிது, ஆனால் பில்லில் வராது என்பதால் கோபமும் வருவதில்லை.

உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல இது. 2019-ல் கம்பெனி வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். 33,000-க்கும் மேற்பட்ட கம்பெனிகளின் கணக்கைப் பார்த்த மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே, 2019-20-க்கும் 2022-23-க்கும் இடையில் அவற்றின் வரிக்கு முந்தைய லாபம் ஏறக்குறைய நான்கு மடங்கானது, வேலையும் சம்பளமும் அந்த வேகத்தில் வளரவில்லை என்றது. அடுத்த ஆண்டு அறிக்கை இன்னும் அப்பட்டம்: 2023-24-ல் பெரிய கம்பெனிகளின் லாபம் 22.3 சதவீதம் கூட, வேலைவாய்ப்பு கூடியது 1.5 சதவீதம். எதிர்க்கட்சி எழுதிய அறிக்கையல்ல, நிதியமைச்சகம் எழுதியது. இந்தக் கோளாறை ஷேர் வாங்கிச் சரிசெய்ய முடியாது. பங்கு நிறைய வைத்திருப்பவர்களுக்குத்தான் லாபம் நிறையப் போகும்.

இனி அந்த 2 லட்சம். உங்கள் செலவுக்கு அது ஐந்து மாதப் பணம், வேறு சேமிப்பு இருப்பதாக எழுதவில்லை. ஆக அது அவசரத்துக்கான பணம், ஷேர் பக்கம் கொண்டுபோகக் கூடாது. டெபாசிட்டைப் புதுப்பியுங்கள், ஒரே ரசீதாக வேண்டாம். ஐம்பதாயிரம் வீதம் நான்காகப் பிரித்தால் ஆத்திர அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

பங்குச்சந்தை வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதம் 1,500 ரூபாயை நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் (ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குகளைச் சேர்த்து வாங்கும் நிதி), டைரக்ட் பிளானில் (தரகர் கமிஷன் இல்லாதது) எஸ்.ஐ.பி. (மாதாமாதம் போடும் தவணை முதலீடு) ஆரம்பியுங்கள். சோப்பு, செல்போன், பெயின்ட், வங்கி எல்லாவற்றிலும் துளித்துளி வந்துவிடும். யார் ஜெயிப்பார் என்று தம்பி ஊகிக்க வேண்டியதில்லை. ஏழு வருடமாவது தொடக் கூடாது. இது முதுமைக்கு, மளிகைக்கு அல்ல.

அதைவிட அவசரம் சம்பளம். பள்ளியில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பள்ளி பி.எஃப். சட்டத்துக்குள் வரும். உங்களுக்குப் பிடித்தம் இருக்கிறதா, நிர்வாகப் பங்கு கணக்கில் ஏறுகிறதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். அடுத்த கல்வியாண்டுக்கு முன் மற்ற ஆசிரியைகளோடு சேர்ந்து போய், மேலே போட்ட 24 சதவீதக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள், தனியாகப் போக வேண்டாம். கணவர் டேலியும் (கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் மென்பொருள்) ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் தெரிந்தவரென்றால், அவர் முதலாளிக்கு ஆட்சேபம் இல்லாதபோது, இரண்டு சின்னக் கடைகளுக்கு மாலையில் கணக்குப் பார்த்தாலே அந்த 3,860-ல் பெரும்பகுதி திரும்பிவிடும். அப்படி வருவதிலிருந்து எஸ்.ஐ.பி.யை ஆரம்பியுங்கள், டெபாசிட்டிலிருந்து எடுத்தல்ல.